சிவப்பு நூல் கட்டிய டேப்

டெய்லரம்மாவின் கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்புகளுக்கு விசாரணை நடக்கும். கடையில் இருக்கிற அளவு டேப் அத்தனையையும் வெட்டு மேஜைமேல் நீட்டிப் போட்டு, பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பாள். துணி டேப் தினமும் இழுபட்டு இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட டேப் குறைத்துச் சொல்லும். முப்பத்தெட்டு அங்குல இடுப்பை முப்பத்தாறரை என்று முகஸ்துதி செய்யும். அதை நம்பித் தைத்த துணியைப் போட்டவர் மூச்சுவிட முடியாமல் தவிப்பார். அப்படி மாட்டிக்கொண்ட டேப்பின் நுனியில் சிவப்பு நூலை இரட்டை முடிச்சாகக் கட்டி, துணிப் பொட்டலம் கட்டுவதற்கென்று கழிவுக் கூடையில் போட்டுவிடுவாள்.

இருபத்திரண்டு வருஷமாக ஊர் இடுப்பையெல்லாம் அளந்தவள் அவள். இடுப்பு விஷயத்தில் உண்மை பேசுகிற மனிதர் யாரும் இல்லை என்பது அவள் முடிவு. அளவெடுக்கும்போது ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "முப்பத்திரண்டு போட்டுக்குங்க, குறைச்சிட்டு வர்றேன்" என்பார்கள். அவள் தலையாட்டி முப்பத்திரண்டு என்றே சத்தமாகச் சொல்லிவிட்டு, நோட்டில் முப்பத்தைந்து என்று எழுதிக்கொள்வாள். போதாததற்குத் தையலுக்கு உள்ளே இரண்டு அங்குலத் துணியும் விட்டு வைப்பாள். எப்போது வந்தாலும் பத்து நிமிஷத்தில் பிரித்து விட்டுக் கொடுக்கலாம். அந்த இரண்டு அங்குலம் அவள் மனிதர்களுக்குக் காட்டிய இரக்கம். அளவு நோட்டு மட்டும் பூட்டிய மேஜைக்குள் இருக்கும். ஒருவர் அளவு இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது என்பதில் அவள் வெகு கறார். புருஷனின் அளவைப் பெண்டாட்டி கேட்டால்கூட, "அவரையே அழைச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள்.

அந்தக் கட்டடத்தின் மாடிக்கு கோச் குடிவந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஒருகாலத்தில் ஏதோ விளையாட்டில் இருந்தாராம். எந்த விளையாட்டு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். உடம்பு குறைக்கும் நிலையம் ஒன்றைத் திறந்து, வாசலில் ஆளுயரப் பலகை வைத்தார். 'தொண்ணூறு நாளில் தட்டை வயிறு' என்று அதில் எழுதி, கீழே திட்டங்களின் பட்டியலும் போட்டிருந்தது. ஒரு நாள் கீழே இறங்கி வந்து, கூடையில் கிடந்த டேப்புகளைக் காட்டி, "அக்கா, இதெல்லாம் சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அது நீண்டுபோனது, சார். குறைச்சு சொல்லும். எதையாவது கட்டத்தான் ஆகும்."

"எனக்கும் கட்டத்தான் வேணும்" என்றார் கோச்.

நாலைந்தை எடுத்துப் போனார். அந்த மனுஷன் அன்றைக்கே அவள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்பது அவளுக்கு விளங்க இரண்டரை வருஷம் பிடித்தது.

டெய்லரம்மாவுக்கு ஒரு தங்கை. கடையில் கொக்கி வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பதெல்லாம் அவள் வேலை. நாற்பத்திரண்டு வயது, பிள்ளை இல்லை, புருஷன் போய் ஆறு வருஷம். அவள் கைத்தையலைத் துணியின் மேல்பக்கத்தில் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் வயிறு போட்டிருந்தது, அவ்வளவுதான். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை, அந்த பஸ் சம்பவம் வரைக்கும். கூட்டமான பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்து, "உட்காருங்க அக்கா, எத்தனாவது மாசம்?" என்று வாஞ்சையாகக் கேட்டிருக்கிறாள். தங்கை பதில் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும் வரைக்கும் கர்ப்பிணி போலவே உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் காலையில் நேராக மாடிப்படி ஏறிவிட்டாள்.

கோச் அவளுக்குப் பவுடர் திட்டம் கொடுத்தார். காலையும் இரவும் தண்ணீரில் கலக்கிய பவுடர், மதியம் ஒரு கிண்ணம் சூப், இடுப்பில் வியர்க்க வைக்கும் ரப்பர் பெல்ட். வாரா வாரம் அளவு எடுத்துச் சீட்டில் எழுதித் தருவார்கள். சீட்டில் இடுப்பு இறங்கிக்கொண்டே போனது. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பதரை. மூன்றாம் மாதம் முப்பத்தெட்டு. தங்கை சீட்டைக் கடைக்குக் கொண்டுவந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். முகம் மட்டும் சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிக்கொண்டே போனது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

"அக்கா, என் பாவாடைக் கொக்கியைத் தள்ளி வை. நாலு அங்குலம் குறைஞ்சிருக்கு" என்றாள்.

டெய்லரம்மா பாவாடையை அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு அங்குலம்தான் தள்ள வேண்டியிருந்தது. தள்ளி வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு சிரிக்கிறாளே, அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, அளவெடுத்துவிட்டு இறங்கும்போது தங்கை மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ஒன்பது படி. வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைப் பிடிக்க மறுத்துவிட்டன. "சரியாச் சாப்பிடாம உடம்புல சத்தே இல்லை" என்றார் டாக்டர்.

கோச் மருத்துவமனைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தன் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார். "சிலர் திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றாமல் வீட்டில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார்கள். அதனால்தான் உடம்பு குழம்பி மயக்கம் வருகிறது. தவறு திட்டத்தில் இல்லை."

பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. நூற்றுப் பதினாறு பேர் இருந்த குழு. முப்பது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அன்றிலிருந்து தங்கை யார் கண்முன்னும் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பாதியை மிச்சம் வைத்து வெளியே வருவாள். விசேஷ வீட்டுக்குப் போனால் "சாப்பிட்டுட்டுதான் வந்தேன்" என்பாள். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"அவன் ஒரு பொய்யன்டி. அவன் பேச்சை எடுத்துக்குவியா?"

"நான் சாப்பிட்டேன்க்கா" என்றாள் தங்கை. "ரெண்டாவது மாசம் ஒரு நாள். ரெண்டு பிஸ்கட்."

இரண்டு பிஸ்கட்! இரண்டு பிஸ்கட்டுக்கு ஒரு கை போகுமா என்று உலகத்தில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். தங்கை மட்டும் நம்பினாள்.

தங்கையின் கைப்பை மாடியிலேயே கிடந்தது. அதை எடுக்கப் போன அன்றுதான் டெய்லரம்மா அதைப் பார்த்தாள். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண், புதிதாகச் சேர வந்த ஒருத்தியை அளந்தாள். இடது டிராயரைத் திறந்து, பளபளவென்ற மஞ்சள் டேப்பை எடுத்து, தொப்புளுக்குக் கீழே, தொளதொளவென்று பிடித்து. அடுத்து வந்தது இரண்டு மாதம் முடித்தவள். இப்போது வலது டிராயர் திறந்தது. வெள்ளை டேப். தொப்புளுக்கு மேலே, "மூச்சை உள்ள இழுங்க மேடம்" என்று இறுக்கிப் பிடித்து. "அடடா, மூணு அங்குலம்!" டேப்பின் நுனியில் சிவப்பு நூல் தொங்கியது. இரட்டை முடிச்சு. அவள் கையாலேயே போட்ட முடிச்சு.

அங்கேயே கோச்சைக் கூப்பிட்டுச் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் பிடித்தால் என்ன ஆகும்? "உங்க கடை டேப்புதானே அக்கா, நல்லதுன்னு நினைச்சேன்" என்று பல்லைக் காட்டுவான். தங்கையிடம் போய்ச் சொன்னால், தன்னைத் தேற்றுவதற்காக அக்கா கதை கட்டுகிறாள் என்று நினைப்பாள். இல்லை, இது அவன் வாயிலிருந்தே வர வேண்டும். தங்கை காதுபட வர வேண்டும். டெய்லரம்மா பையை எடுத்துக்கொண்டு, "வர்றேம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கும்போது ஒன்பது படியையும் எண்ணினாள்.

அடுத்த பத்து நாள் கடை மூடியபிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. அளவு நோட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டாள். மாடிக்குப் போய்வந்தவர்கள் யார் யார், எந்தத் திட்டத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்; அளவு கொடுக்க நிற்கும்போது மனிதர்கள் வேறெதைப் பற்றிப் பேசுவார்கள்? பலகையில் இருந்த ஒவ்வொரு திட்டத்தையும் நோட்டில் தேடிப் பிடித்துக் குறுக்குவிசாரணை செய்தாள். பவுடர் குடித்தவர்கள் இரண்டு மாதத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தார்கள்; பவுடரை நிறுத்திய ஆறாம் மாதம் பழைய அளவுக்கு மேல் ஓர் அங்குலம் வட்டியோடு திரும்பியிருந்தார்கள். முட்டைக்கோஸ் சூப் ஆசாமிகள் ஏழு நாளில் இறங்கி, எட்டாம் நாள் ஏறினார்கள். அந்தத் திட்டத்தால் யாருக்கும் பயன் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தொந்தரவுதான். ரப்பர் பெல்ட் கட்டியவர்களுக்கு இடுப்பு இம்மியும் குறையவில்லை. சொறி வந்ததால் உள்பாவாடைக்கு மெல்லிய துணி கேட்டு வந்தார்கள். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தியவர் ஒரு வங்கி ஊழியர். நன்றாகவே இறங்கினார், கூடவே சிடுசிடுப்பும் வந்து சேர்ந்தது. மகள் நிச்சயதார்த்தத்தில் ஒரே மூச்சில் ஐந்து லட்டு தின்றார், அதோடு சரி. பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் கூட்டத்தில், அந்த எட்டு மணி நேரத்தில் அளவாகச் சாப்பிட்டவர்கள் இறங்கினார்கள், விட்டதைப் பிடித்தவர்கள் ஏறினார்கள்.

வயிற்றை மட்டும் தனியாகக் கரைத்தவர் நோட்டு பூராவும் தேடியும் ஒருத்தர்கூட இல்லை. உடம்பு மொத்தமாக இறங்கினால்தான் வயிறும் கூட இறங்கியிருந்தது. இறங்கின இடத்திலேயே நின்றவர்கள் நாலு பேர். தபால் கொண்டுவருகிற அம்மா, வண்டி கெட்டுப்போனதிலிருந்து நடந்தே போகிறவள். இனிப்புப் பானத்தை விட்ட லாரி டிரைவர். தட்டைச் சின்னதாக்கிய ஒரு டீச்சர். இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாறி, ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்த நர்ஸ். ஒருத்தரும் பலகையைப் பார்த்துக் குறைத்தவர்கள் இல்லை. ஒரு வருஷத்துக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று ஆமை மாதிரி குறைத்திருந்தார்கள்.

இத்தனையும் கையில் இருந்தது. ஆனால் காட்ட முடியாது. ஒருவர் அளவு இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. அதை உடைத்தால் அவளுக்கும் கோச்சுக்கும் என்ன வித்தியாசம்? நோட்டைப் பூட்டினாள். கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

கோச் தானாகவே வந்து மாட்டினார்.

நிலையத்துக்கு மூன்றாம் ஆண்டு விழா. மேடையில் ஏறி, தன் பழைய தொளதொள பேண்ட்டைத் தூக்கிக் காட்டி, புதுக் கோட்டு சூட்டில் தட்டை வயிற்றோடு நிற்பதாகத் திட்டம். ஒரு மாதமாகத் தானும் பவுடர் குடித்திருந்தார். வாராந்திரக் கூட்டத்தில், இருபது பேர் முன்னால், வரவேற்புப் பெண்ணை விட்டு அளக்கச் சொல்லியிருக்கிறார். பழைய ஆளுக்கு வலது டிராயர் என்பது அந்தப் பெண்ணுக்குக் கைப்பழக்கம். முப்பத்திநாலு என்றாள். கைதட்டல். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷமாக ஊருக்குச் சுற்றிய பூவைத் தன் காதில் தானே சுற்றிக்கொண்டார்.

நாலைந்து பெண்கள் பின்தொடரக் கடைக்குள் வந்து, துணியை மேஜைமேல் போட்டார். "எழுதிக்குங்க அக்கா. முப்பத்திநாலு."

டெய்லரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தெட்டு. டேப்பே வேண்டாம், கண்ணே சொல்லிற்று. நோட்டிலும் போன தடவை முப்பத்தெட்டுதான். "ஒரு தடவை அளந்து பாத்துடவா, சார்?" என்று கேட்டாள். அது இருபத்திரண்டு வருஷத் தொழில் கேட்ட கேள்வி.

"எதுக்கு? எங்க டேப்பு மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோச் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அப்ப சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

போட்டார். சாய்த்து, கீழே இரண்டு கோடு இழுத்து, பெரிய மனுஷக் கையெழுத்து.

அவள் வாழ்நாளில் முதல்முறையாக, ஒருவர் சொன்ன அளவை அப்படியே தைத்தாள். முப்பத்திநாலு, நூல் பிசகாமல். தைத்து முடித்ததும் உள்பக்கத்தைத் திருப்பினாள். வழக்கமான இரண்டு அங்குலத் துணி தையலுக்கு உள்ளே மடிந்து இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தையலை ஒட்டி, நீளமாக, நிதானமாக வெட்டி எடுத்தாள். அந்தச் சத்தம் அவள் காதுக்கு இதமாக இருந்தது.

விழா நாள் மத்தியானம், நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னால்தான் சூட்டை மண்டபத்துக்குக் கொடுத்தனுப்பினாள். தங்கையை வம்படியாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். மடியில் ஊசிப் பெட்டியைக் கொடுத்து, "பத்திரமா வச்சிக்கோ, தேவைப்படும்" என்றாள்.

பத்து நிமிஷத்தில் வரவேற்புப் பெண் ஓடிவந்தாள். "டெய்லரம்மா, சார் உடனே வரச் சொல்றாரு."

"வாடி" என்று தங்கையைக் கிளப்பினாள். என்னவோ ஏதோ என்று பக்கத்தில் இருந்த மூன்று பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். மேடைக்குப் பக்கத்து அறை. கோச் பழைய ட்ராக் பேண்ட்டில், மேலே புதுக் கோட்டோடு, புதுப் பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்ன தைச்சு வச்சிருக்கீங்க? பட்டன் பக்கத்துலயே வரலை! முப்பத்திநாலு கேட்டா முப்பது தைச்சிருக்கீங்க!"

டெய்லரம்மா பேண்ட்டை வாங்கினாள். மேஜைமேல் விரித்தாள். கழுத்தில் கிடந்த புது டேப்பை எடுத்து இடுப்புப் பட்டையைச் சுற்றி அளந்து, எல்லாரும் பார்க்கும்படி விரலை வைத்துக் காட்டினாள். முப்பத்திநாலு. பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை வைத்தாள்.

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் தைச்சேன். என் டேப்பு சரியா இருக்கு, சார். உங்களை அளந்த டேப்பைப் போய்க் கேளுங்க."

கோச் வரவேற்புப் பெண் பக்கம் திரும்பினார். "என்னை எந்த டேப்புல அளந்தே?"

"வலது டிராயர்ல இருந்து, சார். சிவப்பு நூலு கட்டினது. எப்பவும் அதுதானே…"

"அறிவிருக்கா உனக்கு? அது வர்றவங்களுக்கு! என்னை எதுக்கு அதுல அளந்தே?"

கோச் அப்போதுதான் வாசலைப் பார்த்தார். மூன்று பெண்கள். அவர்களுக்கு முன்னால், இடது கையில் ஊசிப் பெட்டியை அணைத்துக்கொண்டு தங்கை.

"கேட்டியாடி?" என்றாள் டெய்லரம்மா.

தங்கை தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். மூன்று பெண்களில் ஒருத்தி, "எங்களுக்கா சார் அது?" என்று மெதுவாகக் கேட்டாள். இன்னொருத்தி அதற்குள் மண்டபத்துக்குள் போய்விட்டாள். அவள் போன வேகத்தைப் பார்த்தால், சும்மா இருக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

கோச்சின் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, பேசிக்கலாம். முதல்ல இதைப் பத்து நிமிஷத்துல பிரிச்சு விட்டுக் குடுங்க. நீங்க எப்பவும் உள்ள துணி விடுவீங்களே."

"விடுவேன், சார்" என்றாள் டெய்லரம்மா. பேண்ட்டைத் திருப்பி, உள்பக்கத் தையலை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தையலுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. "உங்களுக்கு விடலை."

ட்ராக் பேண்ட்டோடுதான் மேடை ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார். வலது டிராயரைக் கொண்டுவரச் சொல்லிப் பெண்கள் போட்ட கூச்சலில், தட்டை வயிறு பற்றி அவர் பேச வைத்திருந்ததெல்லாம் வயிற்றிலேயே தங்கிவிட்டது. வாட்ஸப் குழுவில் அன்று சாயங்காலத்துக்குள் தொண்ணூறு பேர் வெளியேறினார்கள். மாதம் முடிவதற்குள் பலகையும் இறங்கியது. அந்த வரவேற்புப் பெண் இப்போது எதிர்த்தெரு மருந்துக்கடையில் இருக்கிறாள். கடைக்கு வந்தால் டெய்லரம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வாள்.

விழாவிலிருந்து திரும்பும்போது அக்காவும் தங்கையும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். நல்ல கூட்டம்.

"அக்கா, பசிக்குது" என்றாள் தங்கை.

ஐந்து மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்கவில்லை. டெய்லரம்மா ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தாள். தங்கை அதை இடது கையாலும் பல்லாலும் பிரித்தாள். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டாள். ஒருவரையும் பார்த்து அவள் கூசவில்லை. டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கியது. பழி தீர்ந்தது என்று நினைத்தாள்.

ஏழாவது பிஸ்கட்டில் தங்கை நிறுத்தினாள்.

"அந்தப் பாவாடைக் கொக்கி" என்றாள். "ஒரே அங்குலம்தான் நீ தள்ளி வச்சே. இன்னைக்குத்தான் யோசிச்சேன். சீட்டுல நாலு இருந்துச்சு. உனக்கு அப்பவே தெரியும்ல?"

டெய்லரம்மா பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியும்."

"விழறதுக்கு எத்தனை நாளு முன்னாடி?"

"பன்னெண்டு."

தங்கை மிச்சப் பிஸ்கட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ் வந்தது. முன்வாசல் வழியாக அவள் ஏறி, ஜன்னலோர ஒற்றை இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். டெய்லரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

இப்போது தங்கை கடைக்கு வருகிறாள், எல்லார் முன்னாலும் சாப்பிடுகிறாள், இடது கையால் கொக்கி வைக்கப் பழகிவிட்டாள். வெட்டு மேஜையில் ஒரு குண்டூசி மெத்தை இருக்கிறது. கோச்சின் பேண்ட்டிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு அங்குலத் துணியை உள்ளே திணித்து டெய்லரம்மா ஆசையாகத் தைத்தது. வேலை முடிந்ததும் இருவரும் ஊசிகளை அதில்தான் குத்தி வைப்பார்கள். தங்கை குத்தும்போது ஊசி தலைவரைக்கும் இறங்கும். யாரை நினைத்துக் குத்துகிறாள் என்று டெய்லரம்மா இதுவரை கேட்டதில்லை.